நூற்றில் இருபது

ராஜவேலுக்கு வயது நாற்பத்தேழு. வேலம்பாளையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மாஸ்டர். நான் அடுத்த மேஜை. பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கத் தோன்ற வேண்டாமா? படுப்பார். ரைபிள் கிளப் தரையில், குப்புற, கையில் துப்பாக்கியோடு.

ஐம்பது மீட்டர் தூரம், அறுபது குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி. மாநிலப் போட்டியில் ஐந்நூற்று எழுபத்தைந்து எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருடமாக இரண்டு புள்ளி, ஒரு புள்ளி என்று தவறிக்கொண்டே வந்தார். ஒன்பதும் பத்துமாக விழுந்துகொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் ஒரு ஏழு வரும். கை தளர்ந்துவிட்டது என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. "இந்த வருசத்தோட சரி, அப்புறம் துப்பாக்கியத் தொடமாட்டேன்" என்று மனைவி சாரதாமணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

கிளப்பில் சுடப் பழக்கும் திருமூர்த்திதான் விஷயத்தைச் சொன்னார்.

"உங்க கையில ஒண்ணுமில்லீங்க. குண்டு சரியில்லை. ஒரே பெட்டியில ஒண்ணுல மருந்து கூட இருக்கும், ஒண்ணுல கம்மியா இருக்கும். கம்மியானது கீழ எறங்கிரும். நீங்க மூச்சைப் புடிச்சு என்ன பண்றது? எடை போட்டு, ஒரே மாதிரி இருக்கறதை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

துணியின் கனம் பார்க்கிற கம்பெனித் தராசைக் கேட்டு வாங்கிக் கிளப்புக்குக் கொண்டுபோனார் ராஜவேல். போட்டிக்கென்று வாங்கிய இரண்டு பெட்டியில் நூறு குண்டு. நானும் போயிருந்தேன். அங்கங்கே கைவிட்டு இருபதை எடுத்தார். ஒவ்வொன்றாக எடை போட்டார். பத்தொன்பது ஒரே எடை. ஒன்று மட்டும் குறைவு. அதைத் தனியே வைத்துவிட்டுப் பெட்டிகளை மூடினார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பொல்லாத மூளை இரண்டு பேருக்கும்.

போட்டியன்று நாற்பத்தாறு குண்டு வரை நல்ல பிள்ளையாகப் போனது. நாற்பத்தேழாவது ஏழு. நேர் கீழே. அவர் முதுகு அசையவே இல்லை என்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன். ஐம்பத்து மூன்றாவது எட்டு, அதுவும் கீழே. மொத்தம் ஐந்நூற்று எழுபத்து நாலு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தரையில் படுத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார்.

கிளப்புக்குத் திரும்பியதும் திருமூர்த்தி கேட்டார்: "எல்லாத்தையும் எடை போட்டீங்களா?"

"இருபது பார்த்தனுங்க."

"மீதி?"

"கம்பெனியில நூறு பீஸ் லாட்டுக்கு இருபது பார்த்தாப் போதுமுங்களே. ஒரு டேமேஜ் வந்தாலும் லாட் பாஸ்தானுங்க."

திருமூர்த்தி தராசை எடுத்து வைத்து, மீதியை ஒவ்வொன்றாக எடை போட்டார். போட்டிக்கு முன் குறி சரிபார்க்கச் சுட்ட பதினைந்தும் போக, சுடாமல் மிஞ்சியிருந்தவை இருபத்து நான்கு. அதில் மூன்று எடை குறைவு. ஆயிரம் டி-ஷர்ட்டில் பத்து கோணலாகப் போனால் வெளிநாட்டில் எவனோ கோணலாகப் போட்டுக்கொள்வான். இங்கே அப்படி இல்லை என்று எங்களுக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என் வண்டியில்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே சாரதாமணிக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கை நடுங்கிருச்சுங்களா?"

"இல்ல சாரதா. கை நல்லாத்தான் இருக்குது. குண்டுல டேமேஜ் இருந்திருக்குது."

"டேமேஜ் இருந்தா செக்கிங்லயே தெரியாதுங்களா? செக்கிங் பண்ணுனது யாருங்க?"

அந்தம்மா குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். ராஜவேல் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"நான்தான்" என்றார்.