படிவத்தில் எழுதிய ‘இல்லை’

வாய் நாற்றம் தாங்கவில்லை என்று மனைவிதான் என்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஈறு நோய் இருக்கிறதா என்று பார்க்க எச்சில் பரிசோதனையாம். ‘புகைப்பழக்கம் உண்டா?’ என்று படிவத்தில் கேட்டிருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ‘இல்லை’ என்று எழுதினேன். தெருமுனையில் ஒரு சிகரெட்டை முடித்து, ஏலக்காய் மென்றுவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுவாரம் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தது. ஆனாலும் டாக்டரம்மா ஈறைச் சோதிக்க வேண்டும் என்றார். எனக்கு எரிச்சல்.

“ஒண்ணும் இல்லன்னுதான் போட்டிருக்கே. அப்புறம் எதுக்கு நோண்டறீங்க? ரிப்போர்ட்டைப் படிச்சீங்களா இல்லையா?”

அவர் ஒரு மெல்லிய கம்பியைக் கடைவாய்ப்பல்லின் ஈறுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. பல்லை விரலால் அசைத்தார். ஆடியது.

“சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈறு இவ்வளவு கெட்டும் ரத்தம் அதிகமா வராது. அதனால, எச்சில்ல ரத்தம் இருக்கான்னு பார்க்கிற இந்த டெஸ்ட்டும் சில சமயம் ஏமாத்திடும். முன்னாடியே சொல்லியிருந்தா இந்த ரிப்போர்ட்டுக்காக நான் ஒரு வாரம் காத்திருந்திருக்க மாட்டேன். எத்தனை வருஷமா சார்?”

நான் வாயைத் திறந்தபடியே படுத்திருந்தேன்.

“எனக்குத் தெரிஞ்சு பத்தொன்பது வருஷம்,” என்றாள் மனைவி. “கல்யாணத்துக்கு முன்னாடி எத்தனைன்னு அவரையே கேளுங்க.”

அந்தப் பல்லை எடுத்துவிட்டார்கள். டாக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் உறுத்துவது வேறு. நான் ‘இல்லை’ என்று எழுதியபோது, அவள் அந்தப் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.