ஓய்வு விசா படிவத்தில் என் மகளின் பெயர்

கர்த்தருக்குள் என்னோடு நடந்துவரும் உங்கள் எல்லாருக்கும் ஆசீர்வாதம் கூறி எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் இரண்டு வாக்கியத்தோடு உட்கார்ந்துவிடுவேன். எழுதச் சொன்னால் மட்டும் நிறுத்தத் தெரியாது. மலேசியாவில் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கிளார்க்காக இருந்த பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002ஆம் வருஷம் ஜூலை மாதம் எங்கள் வாழ்க்கையே ஆட்டம் கண்டது. சிட்னியின் பென்டில் ஹில்லில் என் இளைய மகன் டேனியல் வீட்டில் நானும் என் மனைவி கிரேஸும் இருந்தோம். சாப்பாட்டு மேசையில் தபாலைப் பிரித்தேன். குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். ஒரு தடவை வாசித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். எங்கள் ஓய்வு விசா விண்ணப்பத்தை ஏற்க முடியாத நிலை இருப்பதாகவும், இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் மறுத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது.

மலேசியாவில், கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தோம். கிரேஸுக்கு விற்க மனமே இல்லை. "உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். "படிவம் பார்த்தே தலை நரைச்சவன் நான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள். இப்போது விசா இல்லையென்றால் அறுபத்து நாலு வயதில் அவளை எந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்?

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஈப்போவில், டேனியல் சிட்னியில், கடைக்குட்டி சுகந்தி கோலாலம்பூரில். பெற்றோர் விசாவுக்குப் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் குடியிருக்க வேண்டும். எங்களுக்கு இங்கே ஒருவன்தான். அதனால் அந்தக் கதவு அடைபட்டது. மிச்சம் இருந்தது ஓய்வு விசா. வயதானவர்கள், தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள், இங்கே வந்து ஓய்வாக வாழலாம். முக்கியமான ஒரு நிபந்தனை, கணவன் மனைவியைத் தவிர அவர்களை நம்பி வாழ்கிறவர்கள் வேறு யாரும் இருக்கக்கூடாது.

"பரமட்டால ஒரு ஏஜென்ட் இருக்காருப்பா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிரப்புவோம்" என்று டேனியல் சொன்னான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு ஒருத்தன் படிவம் நிரப்பித் தரணுமா?" என்றேன். இரண்டு கறுப்புப் பேனா, ஒரு அடிக்கோல், ஒரு வெள்ளைத் தாள் சகிதம் உட்கார்ந்து நானே எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. டேனியலிடம் காட்டக்கூட இல்லை. அவ்வளவு திமிர்.

அந்தப் படிவத்தில், உங்களைச் சார்ந்து வாழ்பவர்கள் யார் என்று ஒரு கட்டம். அதில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? சுகந்தி, வயது முப்பத்து நாலு, மணமாகாதவள். எழுதினதோடு விட்டேனா? தனித் தாள் ஒன்று இணைத்து, "மகளுக்குத் திருமணம் ஆகும்வரை அவள் எங்கள் பொறுப்பு" என்று விளக்கமும் கொடுத்தேன். நிபந்தனையை வாசித்தவன்தான் நான். ஆனால் கட்டிக்கொடுக்காத பெண்ணைப் பொறுப்பில்லை என்று எந்தத் தகப்பன் எழுதுவான்? அப்படி எழுதினால் அது பொய் என்றே எனக்குப் பட்டது. ஒளிக்காமல் எழுதினால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

சுகந்தி அப்போது ஒரு ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து, அந்தப் பகுதிக்கே பொறுப்பாக இருந்தாள். தனியாக வீடு, தனியாகக் கார். ஆனாலும் என் கணக்கில் அவள் இன்னும் கரையேறாத பிள்ளை.

கடிதம் வந்த அன்று கிரேஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அறைக்குள் போய், பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அடுக்கியிருந்த சேலைகளை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். நான் கட்டிலோரம் முழங்காலில் நின்று அழுதேன்.

என் ஜெபத்தைக் கேளுங்கள், சிரிப்பு வரும். "ஆண்டவரே, இருபத்தெட்டு நாளுக்குள் சுகந்திக்குக் கல்யாணத்தை முடித்துக் கொடும்." பத்து வருஷமாக நடக்காததை நாலு வாரத்தில் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் தொலைபேசியைத் தூக்கினேன். தெரிந்த போதகர்கள், பழைய சிநேகிதர்கள், ஒருவரையும் விடவில்லை. மெல்பர்னில் மனைவியை இழந்த ஒருவர் இருப்பதாகத் தகவல் வந்தது. நல்ல விசுவாசி என்றார்கள். கர்த்தரே கைகாட்டிவிட்டார் என்று குதித்தேன். சுகந்தியைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "விசாவுக்காகவாப்பா?" என்று கேட்டாள்.

அவர் நல்ல விசுவாசி என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

"நீங்க எழுதின படிவத்தையும் அந்தக் கடிதத்தையும் ஃபேக்ஸ் பண்ணுங்கப்பா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

அந்த வாரம் மெரிலேண்ட்ஸில் வீட்டு ஜெபக்கூட்டம். வழக்கமாக நான் கொடுக்கும் ஜெபக் குறிப்பு, "மகள் சுகந்தியின் திருமணத் தடை நீங்க". அன்றைக்கு விசா கதையையும் சேர்த்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்துச் சகோதரி ராணியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மனதில் பட்டதை ஒளிக்காத மனுஷி. கண்ணை மூடப்போனவர் திறந்துகொண்டு கேட்டார்.

"பிரதர், உங்கட மகள் வாடகை வீட்டிலயோ இருக்கிறா?"

"இல்லைங்க, சொந்த வீடு. அவளே வாங்கினது."

"கிரேஸ் அக்காவுக்கு இடுப்பு ஒப்பரேசன் செய்த நேரம் ஆர் பார்த்தது?"

"சுகந்திதான். மூணு மாசம் அவ வீட்லதான் இருந்தோம்."

"உங்கட வீடு வித்த அலுவல், பொலிஸ் சேர்ட்டிபிகேட் எடுத்த அலுவல் எல்லாம்?"

"அதுவும் அவதான். லீவு போட்டுட்டு அலைஞ்சா."

"இந்த விசா சரிவராட்டி நீங்கள் ரெண்டு பேரும் எங்க போய் இருப்பியள்?"

கிரேஸ்தான் மெதுவாக, "சுகந்தி வீட்டுலதான்" என்றாள்.

"அப்ப பிரதர், ஆர் ஆரை நம்பி இருக்கிறது?"

கேட்டுவிட்டு ராணி கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். எனக்கு ஜெபம் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து என் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். சார்ந்து வாழ்பவர் என்ற கட்டத்தில் சுகந்தி. இரண்டு பக்கம் தள்ளி, மலேசியாவில் உங்கள் சார்பாகத் தொடர்பு கொள்ளவேண்டியவர் என்ற இடத்திலும் சுகந்தி. கிரேஸின் படிவத்திலும் அப்படியே. எல்லாம் என் கையெழுத்து. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் படிவத்தில் ஒன்றுக்கொன்று இடிப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என் சொந்தப் பெண் விஷயத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

அன்று ஜெபம் மாறியது. "ஆண்டவரே, மாப்பிள்ளை வேண்டாம். நான் எதை எழுத வேண்டுமோ அதைச் சொல்லும்" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கிரேஸுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் கோலாலம்பூரிலிருந்து கூரியரில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே சுகந்தி சட்டப்படி சத்தியம் செய்து எழுதிய கடதாசி, வேலையிடத்துக் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிச் சான்று. எல்லாவற்றிலும் முத்திரை, வரிசை எண், மேலே ஒரு பட்டியல். ஒரு தலைமைக் கிளார்க் அதைப் பார்த்தால் எழுந்து நின்று கைதட்டுவான். நான் உட்கார்ந்தே அழுதேன்.

சத்தியக் கடதாசியின் கடைசிப் பத்தியை கிரேஸுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தான் இருபத்திரண்டு வயதிலிருந்து சொந்தக் காலில் நிற்பதாக எழுதியிருந்தாள். அதன்பிறகு இப்படி: "என் தகப்பனார் என் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதியது தவறு. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வழக்கத்தில் மகளுக்கு மணமாகும்வரை தகப்பன் தன் பொறுப்பை முடிந்ததாக நினைப்பதில்லை. அவர் எழுதியது தன் பாசத்தை. உண்மை நிலையை நான் எழுதுகிறேன்."

நான் அவளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருவருக்கு அவசர அவசரமாகக் கட்டிவைக்கப் பார்த்தேன். அவளோ, ஆபீஸர் என்னைப் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறாள். அன்பானவர்களே, அப்படி ஒரு பிள்ளையைப் பெறுவதற்கு நான் என்ன நன்மை செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பங்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. உத்தியோகத்தில் இருந்தவரை "தவறு என்னுடையது" என்று நான் எழுதியதே இல்லை. அன்று அதையே முதல் வரியாக எழுதினேன். டேனியலிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் திருத்தினான். வாயை மூடிக்கொண்டு திருத்தி எழுதினேன்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நானும் கிரேஸும் ரயிலேறிப் பரமட்டாவுக்குப் போய் அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் அட்டையில் கிரேக்கப் பெயர். என் கடிதத்தை வாசித்தார். சுகந்தியின் கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. என் அப்பாவும் அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதியிருப்பார்" என்றார் ஆங்கிலத்தில். முடிவு தன் கையில் இல்லை, ஆனால் கோப்பில் எல்லாம் சரியாகச் சேரும்படி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த இடத்தில் அப்படிப்பட்ட ஒருவரை உட்காரவைத்தது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

செப்டம்பரில் விசா கிடைத்தது. கிரேஸ் சேலைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். கர்த்தருக்குக் கோடான கோடி ஸ்தோத்திரம்.

ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது விசாவைப் பற்றி அல்ல. அந்தச் சேதியைச் சொல்ல சுகந்தியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள். பிறகு, அதுவரை நான் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"உனக்காக நான் எதை ஜெபிக்கணும்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க" என்றாள். பிறகு, "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கார் ஓட்டிட்டு வர்றப்ப தூக்கம் சொக்குதுப்பா. ரெண்டு தடவை தப்பிச்சேன். அதுக்கு ஜெபிங்க" என்றாள்.

பத்து வருஷமாக அவள் பெயரைச் சொல்லி மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தேன். அவளோ அந்தப் பத்து வருஷமும் தூக்கக் கண்ணோடு தனியாக வண்டி ஓட்டி வீடு சேர்ந்திருக்கிறாள். நான் கேட்கத் தெரியாததையும் கர்த்தர் அவளுக்குச் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

நாலு வருஷம் கழித்து விசாவைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. அந்தக் கட்டத்தில் "யாரும் இல்லை" என்று எழுதினேன். சுகந்திக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஜெபக் குறிப்பை நான் கொடுப்பதும் இல்லை. தினமும் காலையில், மலேசிய நேரத்தைக் கணக்குப் பார்த்து, அவள் ஷிஃப்ட் முடியும் வேளையில் நானும் கிரேஸும் முழங்காலில் நிற்கிறோம். வீடு வந்து சேர்ந்ததும் அவள் எங்கள் தொலைபேசியில் ஒரு தடவை மணி அடித்து வைத்துவிடுவாள். நாங்கள் எடுப்பதில்லை. அந்த ஒரு மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் ஆமென் சொல்லி எழுந்திருக்கிறோம்.

நெருக்கத்தில் இருக்கிற சகோதரனே, சகோதரியே, கர்த்தரை நம்பு. என்னைப் போன்ற தலைக்கனம் பிடித்தவனையே கைவிடாதவர் உன்னை விடமாட்டார். இன்றைக்கு ஜெபிக்கப் போகுமுன் ஒரு காரியம் செய். யாருக்காக ஜெபிக்கிறாயோ, அவர்களிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் போ.