காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு தேதி

என் வாயில் எதுவும் தங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, டாக்டரிடம் வியாதியைச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். மும்பை செம்பூரில் எங்கள் காலனிப் பூங்காவில் தினமும் காலையில் நடக்கிற ஏழெட்டுப் பேருக்கு என் சர்க்கரை அளவு தெரியும், எங்கள் வீட்டில் முந்தின நாள் என்ன குழம்பு என்பதும் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் "அடுத்த வாரம் வாங்கோ" என்று சொல்லியே ரிடையர் ஆனவன் நான். பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும். எங்கள் விசா தேதி அவ்வளவு தூரம் தள்ளிப் போனதற்கு இந்த வாய்தான் காரணம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவள் பிறந்தது சயானில் ஒரு நர்சிங் ஹோமில். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். என் மனைவியால் குனியவும் முடியவில்லை, கீழே உட்காரவும் முடியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு மாலிஷ்காரி வந்தாள். மராத்திக்காரி. காலை எட்டு மணிக்கு வந்து மணையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, நீட்டிய காலில் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுவாள். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். உடம்பு தேறுவதற்குள் லீவு முடிந்துவிட்டது, பேங்க் வேலைக்கு ஓடினாள். மாலிஷ்காரி குழந்தை தவழும்வரை வந்துகொண்டிருந்தாள்.

"பெத்த பொண்ணை ஒரு நாள்கூட என் கால்ல போட்டுக் குளிப்பாட்டலை" என்று அவள் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெண்ணின் கல்யாணத்தன்றே அதற்குப் பரிகாரமும் சொல்லிவிட்டாள். "அவ குழந்தையை நான்தான் கால்ல போட்டுப்பேன். மத்ததெல்லாம் யார் வேணா பண்ணிக்கட்டும்."

இனி என் வாய்க்கு வருகிறேன். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், பெண் இரண்டாம் மாதமே எங்களிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே மாடுங்கா போய் ஒரு கிலோ பேடா வாங்கி வந்து, மறுநாள் பூங்காவில் விநியோகம் செய்தேன். வாட்ச்மேனுக்குக்கூட இரண்டு கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அதற்கப்புறம் "பொண்ணு எப்படி இருக்கா?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, ஒவ்வொருவரிடமும் நின்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மறதிக்காரர் இரண்டு தடவை கேட்டார். வீட்டில் என் மனைவி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று மாதம் முடியாமல் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தாராவியில் பெல்ட், பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவர் மகனும் அமெரிக்காவில்தான், எங்கள் பெண் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். கொரோனாவெல்லாம் அடங்கி ஊர் மறுபடி நடமாட ஆரம்பித்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"அண்ணாச்சி, விசாவுக்குத் தேதி எடுக்கப் போறோம். இப்பம் போட்டா அஞ்சு மாசத்துல கெடைக்கும்னு மவன் சொல்லுதான். நாளாக நாளாகத் தள்ளிக்கிட்டே போவுதாம். நீங்களும் போட்டுருங்க. நாலு பேருமா சேந்து போயிட்டு வந்துரலாம்லா? எனக்கும் இங்கிலீசு பேச ஒரு ஆளு ஆச்சு."

நான் சிரித்தேன். "இப்ப என்ன அவசரம்? அந்தக் குளிர்ல போய் நாலு சுவரைப் பாத்துண்டு உக்காரணுமா? ஜானே தோ, விடுங்கோ. பொண்ணுக்கு ஏதாவது விசேஷம்னா அப்ப பாத்துக்கலாம்."

என் மனைவி அப்போதுதான் இரண்டு கையிலும் காபியோடு வந்தாள். அவள் நின்ற இடம்கூட ஞாபகம் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் பக்கத்தில். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டபராவைக் கீழே வைத்துவிட்டு, "சக்கரை போறுமா?" என்று அவரைக் கேட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் பெண் வீடியோவில் வந்தாள். "அப்பா, மூணு மாசம் முடிஞ்சுடுத்து. டாக்டர் எல்லாம் நன்னா இருக்குன்னு சொல்லிட்டா" என்றாள். சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையோடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு பேருடைய படிவத்தையும் நிரப்பிப் பணம் கட்டினேன். ஒரு முத்திரைகூட விழாத எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குத் தேதி கேட்டேன். பதினாலு மாதம் கழித்து ஒரு தேதி காட்டியது. வருஷத்தைத் தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதேதான்.

கணக்குப் போட என் மனைவிக்கு விரல் போதுமாக இருந்தது. "குழந்தைக்கு எட்டு மாசம் ஆயிடும்" என்றாள். "எட்டு மாசக் குழந்தையைக் கால்ல போட முடியாது. புரண்டு எழுந்துண்டு ஓடப் பாக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உனக்கு எப்ப தெரியும்?"

"நாப்பது நாள்லயே சொல்லிட்டா."

"அப்ப கீழ்வீட்டுக்காரர் வந்து கேட்டாரே, அன்னிக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா சக்கரை போறுமான்னு கேட்டே?"

"அவர் எதிர்ல எப்படிச் சொல்றது?"

"அவர் போனப்புறம் சொல்லியிருக்கலாமே. காரணம் சொல்லாம ஃபாரத்தை மட்டும் போடுங்கோன்னு சொல்லியிருக்கலாமே."

"காரணம் இல்லாம நீங்க விடுவேளா? துருவித் துருவிக் கேப்பேள். நான் சொல்லுவேன். மறுநாள் கார்த்தால பார்க்ல பேடா." அவள் குரல் உயரவே இல்லை. "போன தடவை பட்டது போறும். தேதி போனாப் போகட்டும், குழந்தை தங்கட்டும்னு இருந்தேன். இப்படித் தள்ளிப் போகும்னு எனக்கு என்ன தெரியும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டின பெண்டாட்டி என்னை நம்பவில்லையே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எனக்கு அது ஏகாதசி பட்டினியைவிடப் பெரிய விரதம். மூன்றாம் நாள் காலை பூங்காவில் நாலு சுற்று முடித்து, பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போலப் பக்கத்தில் இருந்தவரிடம் "ஒரு விஷயம் தெரியுமோ" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் என்ன சொல்ல வருகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. "உளுந்து விலை ஏறிடுத்து" என்று முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் செய்தது நியாயம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து, "காபி இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் பால் பாக்கெட் எடுத்ததும் அடுத்த வேலை தேதி தேடுவது. யாராவது ரத்து செய்தால் அந்த இடம் திறக்குமாம், அதைக் கொத்திக்கொள்ள வேண்டுமாம். நாலைந்து தடவைக்கு மேல் பார்த்தால் அந்த வெப்சைட் கதவைச் சாத்திவிடும், மூன்று நாளைக்குத் திறக்காது. அவசரம் என்றால் தனியாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள், விண்ணப்பித்தேன். பிரசவம் அவசரத்தில் சேராது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறக்கப் போகிற குழந்தையிடம் யார் போய்ச் சொல்வது, அடுத்த வருஷம் வா என்று? ஆனால் யாரைத் திட்டுவது? நானும் ஆபீஸ் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புருஷன் போன ஒரு அம்மாளை ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை கோபர்கைரனேயிலிருந்து வரவழைத்திருக்கிறேன். அந்த முகமெல்லாம் அந்த மாதங்களில் ஞாபகத்துக்கு வந்தது.

பூங்காவிலும் எல்லாரும் ஏதோ ஒரு தேதிக்காகத்தான் காத்திருந்தார்கள். மறதிக்காரருடைய மகனுக்கு அமெரிக்காவில் பட்டமளிப்பு விழா முடிந்து, போட்டோவும் வந்து, அதை ஃப்ரேம் போட்டு மாட்டியும் ஆகிவிட்டது. அவருடைய தேதி இன்னும் வரவில்லை. விழாவே முடிந்த பிறகு எதற்குப் போகிறீர் என்று கேட்டதற்கு, "பையனை அந்த கவுன்ல ஒரு தடவை பாக்கணும் ஓய்" என்றார்.

கீழ்வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் எடுத்த தேதியிலேயே விசா கிடைத்துவிட்டது. கிடைத்து ஒரு வாரம் எங்கள் கண்ணில் படாமல் மாடி ஏறி இறங்கினார்கள். பிறகு ஒரு நாள் அந்த அம்மாள் மட்டும் மேலே வந்தார். அதற்குள் விஷயத்தை அவரிடம் என் மனைவியே சொல்லியிருந்தாள்.

"அக்கா, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதிய. நாங்க அங்கன இருக்கும்போதுதான் பிள்ளைக்குப் பேறுகாலம் வருது. நான் போயி ஒரு பத்து நாள் கூட இருந்து குளிப்பாட்டி விடுதேன். மூணு பெத்து வளத்தவதான். பச்சப்புள்ளைய அந்தப் பிள்ள தனியா எப்படித் தூக்கும்?"

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். என் பழைய வேஷ்டிகளைக் கிழித்து, குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரசவ லேகிய பாட்டிலை அதன் நடுவில் சொருகினாள். கண் கலங்கியிருந்தது. வெளியே வந்து, "உங்களுக்குத் தெரியாதது இல்லை. தண்ணி மட்டும் முழங்கையால தொட்டுப் பாத்துட்டு விடுங்கோ" என்றாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. அதுவரை நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிறந்த மறுநாள் பேடாவோடு போனபோது பூங்காவில் எல்லாருக்கும் கோபம். "எங்ககிட்டயே மறைச்சுட்டேளே" என்றார்கள். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

தொப்புள்கொடி விழுந்த பிறகு முதல் எண்ணெய்க் குளியலுக்கு நாள் பார்த்தார்கள். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே சாயங்காலம் ஆறரை. மாப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு அம்மாள் அந்த வீட்டு வெள்ளைக் குளியல் தொட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து, புடவையை ஏற்றிக் காலை நீட்டியிருந்தார். அதைப் பார்த்து நான் சிரித்தேன். திரும்பினால், இங்கே ஹாலில் என் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அவளும் புடவையை முழங்கால்வரை ஏற்றி, இரண்டு காலையும் சேர்த்து நீட்டியிருந்தாள். நான் சிரிப்பை விழுங்கினேன்.

"குப்புறப் போடுங்கோ. கழுத்தை விட்டுடாதேள். ஆங், முதுகுல விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"விடுதேன் அக்கா. பாத்துக்கிடுங்க, எப்படிக் கெடக்குன்னு."

அங்கே அந்த அம்மாளின் கை குழந்தையின் முதுகில் போகப்போக, இங்கே இவள் கை தன் முழங்காலுக்குக் கீழே வெறும் காலை வழித்துக்கொண்டு போயிற்று. தலைக்கு விடும்போது இவளும் கையைக் குடை மாதிரி வளைத்து, இல்லாத நெற்றியில் தண்ணீர் கண்ணுக்குப் போகாமல் பிடித்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, துண்டில் சுற்றியதும் அடங்கியது. கீழ்வீட்டு அம்மாள் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தார். சாம்பிராணி போட்டால் புகைக்கு வீடு முழுக்க அபாய மணி அடிக்குமாம், அதை விட்டுவிட்டார்கள். "தூங்கப் போறது, நான் அப்புறம் கூப்பிடறேம்மா" என்று பெண் போனை வைத்தாள்.

எங்கள் தேதிக்கு இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் இருந்தது. போன் இருண்டு வெகு நேரமாகியும் என் மனைவி நீட்டிய காலை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எழுந்துக்கலையா?" என்று மட்டும் கேட்டேன்.

"கையைக் குடுங்கோ" என்றாள். "கால் மரத்துப் போயிடுத்து."