அக்கா கேட்ட ஒரு கையெழுத்து

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை, மன்னியுங்கள்.

ஜொகூரில் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, செம்பனங்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி என்னைப் படிக்க வைத்தார். அக்காவின் கணவரான மாமா இளவயதிலேயே தவறிய பிறகு இரண்டு பெண்களையும் தனியாளாக வளர்த்தார். தமக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

தோட்டத்தில் பெண்களுக்கு வேலை குறைந்தபோது, ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு பலகாரமும் மிளகாய்ச் சம்பலும் செய்து விற்கத் தொடங்கினார். அவர்களுடைய நெத்திலிச் சம்பல் பண்டார் தெங்காரா நகரம் வரை போனது. ஆனால் வீட்டு அடுப்பில் எவ்வளவுதான் கிண்டுவது? முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதைப் பொதுச் சமையற்கூடமாக்கத் தோட்ட நிர்வாகம் சம்மதித்தது. பெரிய அடுப்பும் பொட்டலம் ஒட்டும் இயந்திரமும் தர ஓர் அரசுத் திட்டமும் இருந்தது. பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் ஆதரவுக் கடிதம் மட்டும் வேண்டும். எங்கள் இடத்தில் பதிவு பெற்றது கோயில் நிர்வாகக் குழு ஒன்றுதான். அதன் செயலாளர் நான்.

கூட்டத்தில் கடிதத்தைப் படித்தேன். தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கோயில் லெட்டர்ஹெட்ல நெத்திலியா? நீங்களே சொல்லுங்க, நல்லாவா இருக்கு?"

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். வெறும் 'சம்பல்' என்று போட்டால் போச்சு என்று முடிவானது. அந்த யோசனையை அக்காவிடம் கொண்டுபோனவனும் நான்தான்.

"நாளைக்கு ஆபீஸ்காரங்க வந்து பாப்பாங்க, நெத்திலி இருக்கும். அப்ப நாங்க பொய்க்காரிங்களாடா? உள்ளத எழுதி கையெழுத்து போடு, போதும்லா."

அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றேன். அடுத்த கூட்டத்தில் திருவிழாப் பேச்சு. அதற்கடுத்த கூட்டத்துக்குள் கடைசித் தேதி போய்விட்டது. மறு வருடம் மறுபடியும் இதே கூத்து. மேளக்காரரை முடிவு செய்ய இரண்டு மணி நேரம் உட்காருகிற எங்களுக்கு, பெண்கள் பிழைக்க இரண்டு வரி எழுத நேரமில்லை. கடைசியில் ஆயாக்கொட்டகை உரக் கிடங்காகிவிட்டது. தலைவர் மேல் பழியைப் போடலாம். ஆனால் கடிதத்துக்கு என் கையெழுத்தே போதும் என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

சிறுநீரகம் கெட்டு, குளுவாங் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களிலும் அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளைகளின் படிப்பைத்தான் விசாரித்தார். திட்டியிருந்தாலாவது எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த தாதியருக்கும், ஜொகூர் பாருவிலிருந்து வாரந்தோறும் வந்த மகள்களுக்கும், மாற்றி மாற்றிக் கஞ்சி கொண்டுவந்த அந்த ஏழு பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய சாப்பாடும் அவர்கள் சமைத்ததுதான். சோறு ஒரு வீட்டில், சாம்பார் ஒரு வீட்டில், பாயசம் கடைசி லயத்து வீட்டில் என்று ஏழு வீட்டு அடுப்புகளிலிருந்து தூக்கி வர வேண்டும். பந்தி தாமதமானால் அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். நேராக என்னிடம் வாருங்கள்.