மேயர் ஐயா வெட்டிய ரிப்பன்

ஊருக்கு முதல் பெண் மேயர் வந்தார். கூடவே, யாரும் ஓட்டுப் போடாமலே ஒரு ‘மேயர் ஐயா’வும் வந்து சேர்ந்தார். அவர் அந்தம்மாவின் வீட்டுக்காரர், தையல்காரர். நேற்றுவரை ‘டெய்லரே’ என்று கூப்பிட்டவர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? அவருக்கும் புரியவில்லை.

மேயராகும் முன் அந்தம்மா ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்து கடை சாத்தும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பதவிக்கு வந்ததும் தெருவிளக்கு போட்டார், குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரவைத்தார். ஆனால் மல்லுக்கு நின்றது கடைத்தெருக் கழிப்பறைக்குத்தான். மன்றத்தில் பேசுகிற விஷயமா இது என்று உறுப்பினர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள்.

“ஒரு நாள் பூரா அடக்கிக்கிட்டு நின்னு பாருங்க, அப்புறம் சிரிக்கலாம்” என்றார் மேயர். தீர்மானம் நிறைவேறியது, கழிப்பறையும் எழுந்தது.

திறப்பு விழாவுக்குக் கிளம்பும்போது அந்தம்மா ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். என்ன, ஏரியையே குடிக்கப் போகிறாயா என்று டெய்லர் கேலி செய்தார்.

வாசலில் ரிப்பன். சுற்றிலும் கடைப் பெண்கள், மன்ற உறுப்பினர்கள். ஆணையர் தட்டை நீட்டியது மேயரிடம் அல்ல, ‘ஐயா’விடம். தட்டில் கத்தரிக்கோல். கத்தரியைக் கண்டால் டெய்லர் கை சும்மா இருக்குமா? எடுத்தார், நறுக்கென்று வெட்டிவிட்டார். கைதட்டல். அவர் முன்னே நடக்க, அத்தனை ஆண்களும் பின்னாலேயே பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தார்கள். டைல்ஸைத் தட்டினார்கள், குழாயைத் திருகினார்கள், நின்று நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்!

மறுநாள் பத்திரிகையில் படம். ‘பெண்கள்’ என்ற பலகைக்குக் கீழே டெய்லர், கையில் கத்தரியோடு, பல்லெல்லாம் தெரிய. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு மானம் கப்பலேறிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கத்தரியப் பாத்ததும் கை தானா போயிடுச்சு. உன் பேரைக் கெடுத்துட்டேன்” என்றார் தரையைப் பார்த்தபடி.

அந்தம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை.

“பேரு கெடக்குதுங்க. உள்ள மொத ஆளா நான் போகணும்னுதான் அவ்ளோ தண்ணி குடிச்சேன். நீங்கல்லாம் சுத்திப் பாத்துட்டு வெளிய வர்ற வரைக்கும், நேத்தும் அடக்கிக்கிட்டுத்தான் நின்னேன்.”