காதில் பென்சில் வைத்த காவலாளி

தக்கலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியின் காவலாளி காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எங்கள் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது என்று சொன்னபோது, ஸ்டூலில் ஏறி ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். அதைப் போட்டோ எடுத்து, துபாயில் இருந்த கட்டட உரிமையாளருக்கு அனுப்பினார். ஒவ்வொரு மழைக்கும் நான் புகார் சொன்னேன், அவர் பென்சிலோடு வந்தார்.

ஐந்தாவது கோட்டின்போது கத்திவிட்டேன். "கொத்தனாரைக் கூட்டிட்டு வாங்கன்னா, வட்டம் போட்டுட்டுப் போறீங்களே!"

"இன்னும் பெருசாவுதான்னு பாத்துச் சொல்லச் சொல்லுகாரு ஓனரு, சார். நான் என்ன செய்யட்டு?"

கடைசியில் வேறு வீடு பார்த்துவிட்டோம். சாவியைக் கொடுக்க, மொட்டைமாடியில் இருந்த அவர் அறைக்கு முதல்முறையாகப் போனேன். கட்டில் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தது. நடுவில் வாளி. மேலே, என் வீட்டைவிட அதிகமான பென்சில் வட்டங்கள்.

"இதையும் அவருக்கு அனுப்பினீங்களா?"

"இல்ல சார். மொதல்ல உங்களுக்க வீடு சரியாவட்டும்னு இருந்தேன். இப்ப நீங்களும் போறீங்க."

சாவியை வாங்கிக்கொண்டார். அவரிடம் காட்டிய கோபத்தை யாரிடம் காட்டியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.