போகிக்குக் கழுவப் போன பாறை

வியட்நாமில், சைகோன் நகரத்தின் பூ மி ஹங் பகுதியில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். கணவர் ஆசையாக வாங்கி வைத்த உப்புத்தண்ணீர் தொட்டியில் பிளென்னி என்ற விரல் நீள மீன் ஒன்று உண்டு. பாறைப் பொந்தில் உட்கார்ந்து, தலையை மட்டும் நீட்டி, வீட்டில் நடமாடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்குச் சும்மா உட்காரவே வராது. போன போகியன்று வீடு முழுக்கத் துடைத்த பிறகும் கை பரபரத்தது. பாசி படிந்த அந்தப் பாறையைத் தூக்கி, பால்கனியில் காலி வாளிக்குள் வைத்தேன். பிரஷ் எடுக்க உள்ளே வந்தால், தொட்டியில் மீன் இல்லை. சோபாவுக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பின்னால் என்று தேடிவிட்டு, பக்கத்து ஊரான பின் யுவோங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன்.

“ஏங்க, மீனைக் காணோம். குதிச்சிடுச்சு போல.”

“பாறைப் பொந்துல பாத்தியா?”

“பாறையைக் கழுவறதுக்கு வெளியில வச்சிருக்கேன்.”

“பயந்தா அது பொந்துக்குள்ளதான் போகும். உடனே தண்ணியில வை.”

ஓடினேன். வெயிலில் பாறை பாதி காய்ந்திருந்தது. தொட்டியில் இறக்கியும் ஒன்றும் அசையவில்லை. நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் பொந்திலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. அந்தப் பாசிதான் அதற்குச் சாப்பாடு என்று கணவர் வந்து சொன்னார்.

இப்போது பாறையை எடுக்க நேர்ந்தால், தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடித்து, மீன் வெளியே நீந்துவதைப் பார்த்த பிறகே தூக்குகிறேன். இந்தப் போகிக்கும் வீடெல்லாம் துடைத்தேன், பாறையைத் தவிர. மீன் என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தது.